நிறைகோலும் கிணற்று நீரும்: சக்தி வினைத்திறன் திட்டங்களை வரிசைப்படுத்தும் புள்ளிமுறை பற்றிய ஒரு திறனாய்வு

நல்லாசிரியனது இலக்கணங் கூறப் புகுந்த நன்னூலார் நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை அவனுக்கு உவமையாக்கினார். அவற்றுள் நிறைகோலுக்கு அவர் கண்ட மாட்சி இரண்டு. பொருளின் அளவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுவது ஒன்று. எப்பக்கமுஞ் சாயாது நடுவு நிற்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் ஒன்றல்ல. தட்டின் அடியில் மெழுகு ஒட்டிய தராசும் ஓர் அளவைத் திட்டமாகக் காட்டத்தான் செய்கிறது. காட்டும் அளவு ஐயமற்றதாய் இருப்பதனாலேயே அதன் சாய்வு நெடுநாள் மறைந்து கிடக்கிறது. ஆதலின் நிறுக்குங் கருவி எதனையும் ஆராய்வோர் இவ்விரு மாட்சியையுந் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

இக்காலத்து அலுவலகங்களிலும் ஆலோசனைச் சபைகளிலும் பெருவழக்காய் உள்ள நிறுக்குங் கருவி ஒன்றை இவ்வாறு சோதித்துப் பார்ப்பது பயனுடையது. சக்தியைக் குறைந்த அளவிற் செலவிட்டு அதே பயனைப் பெறுவதற்கான திட்டங்கள் பல முன்வைக்கப்படும்போது, கையிலுள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாதாகையால், எதனை முதலிற் செய்வது என்ற வினா எழுகிறது. அதற்கு விடை காண வழங்கும் முறை நிறையேற்றிய புள்ளிமுறை. திட்டங்களை மதிப்பதற்குரிய அளவைகளைச் சபை முதலில் வகுத்துக்கொள்கிறது: ஆண்டுதோறும் மிஞ்சும் சக்தி, இட்ட முதல் மீளுங் காலம், கரிவாயுக் குறைவு, நிறைவேற்றும் எளிமை என்பன போல. ஒவ்வோர் அளவைக்கும் அதன் முதன்மைக்கேற்ப ஒரு நிறை; நிறைகளின் கூட்டுத்தொகை 100. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வோர் அளவையிலும் பத்துக்கு இத்தனை எனப் புள்ளி இடப்படும். புள்ளியை நிறையாற் பெருக்கிக் கூட்ட, கூடிய தொகை பெற்றது முதலிடம் பெறும். இவ்வளவே முறை. உலகின் பல நாடுகளிலுந் திட்டங்களை வகைப்படுத்துவோர் இதனையோ இதன் வழிவந்த வேறொன்றையோ கையாளுகின்றனர்.

முறையின் குறைகளைக் கூறுமுன் அதன் நன்மையை ஒளிவின்றி ஒப்புக்கொள்ளல் நேர்மை. இதற்கு முன்னிருந்த வழக்கம் யாது? சபையில் உரத்துப் பேசுவோர் விரும்பியது முதலிடம் பெற்றது. அல்லது செல்வாக்குடையோர் வாழும் ஒழுங்கையில் முதல் விளக்கு எரிந்தது. புள்ளிமுறை குறைந்தது காரணங்களைத் தாளில் எழுதச் செய்கிறது. எழுதப்பட்டது பிறராற் படிக்கப்படும், படிக்கப்பட்டது மறுக்கப்படும். பெருக்கலுங் கூட்டலும் ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் எட்டக்கூடியவை. பெரும் பொருளியற் கணிப்புகளின் உட்புறம் பொதுமக்களுக்கு இருட்டறையாய் இருக்க, இஃது ஒன்று திறந்த முற்றமாய் இருப்பது சிறிய நன்மையன்று. எனவே நன்னூலார் கூறிய முதல் மாட்சியில் இக்கருவி பெரும்பாலுந் தேறுகிறது. வழக்கு முழுவதும் இரண்டாவதிலேயே உள்ளது.

அதனைக் காண்பதற்குப் பொதுவான வாதம் போதாது. ஓர் ஊரின் மண்ணில் வைத்து நோக்கல் வேண்டும். வலிகாமம் கிழக்கைச் சேர்ந்த கோப்பாய் அதற்கு வாய்ப்பான ஊர். மேலே செம்மண், அதன்கீழ்ச் சுண்ணாம்புக்கல். ஊரின் கிழக்கே உப்பாற்றுக் கடனீரேரி. ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே மண்ணூடு இறங்கிக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலுந் தங்கிக் கிணற்று நீராகிறது. அந்நீரும் அடிவரை நன்னீர் அன்று. கடல்நீரினும் நன்னீர் சிறிது பாரங் குறைந்ததாகையால், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல அது மிதந்து நிற்கிறது. அயலிலே புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் ஊரறிந்த செய்தி. இந்நிலைக்கு ஒரு விதி உண்டு. ஒல்லாந்தரான கைபென், செருமானியரான ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவருந் தனித்தனியே கண்டுரைத்த அவ்விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின் கடல் மட்டத்துக்குக் கீழ்ச் சற்றேறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். மறுதலையாக நோக்கின், மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின் அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இவ்விதி கணக்குப் பிசகாமற் பொருந்தாது. ஆயினும் அதன் போக்கு மாறாது.

இந்நீரை மேலேற்றுவதற்கு முன்னாளிற் பயன்பட்டது துலா. தராசுக்கும் கிணற்றுப் பொறிக்கும் தமிழில் ஒரு சொல்லே அமைந்திருப்பது நினைக்கத்தக்கது. தாங்கிய இடத்தின் இருபுறமும் ஏறியிறங்குங் கோல் என்பதே இரண்டுக்கும் பொது. துலா மிதிப்போர், பட்டை பிடிப்போர், வாய்க்காலில் நின்று பாத்திக்கு நீர் மாறுவோர் எனப் பலர் கூடியே ஒரு தோட்டத்துக்கு இறைத்தனர். மனிதர் காலே விசையாக இருந்தமையால் இறைக்கும் நீருக்கும் ஓர் எல்லை இருந்தது. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின, துலா மறைந்தது, பின்னர் மின்மோட்டர்களும் வந்தன. உழைப்பாளியின் முதுகெலும்பு விடுதலை பெற்றதை இழித்துரைப்பார் அறியாதவர். ஆனால் எல்லையும் அத்துடன் நீங்கியது.

இனி ஒரு கணக்கு. கோப்பாய் போன்ற ஊரொன்றில் நான்கு திட்டங்கள் ஒரு சபையின் முன் வருவதாகக் கொள்வோம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. முதலாவது, பழைய மண்ணெண்ணெய் இயந்திரங்களை நீக்கிக் கூடிய நீரை இறைக்கவல்ல உயர்ந்த வினைத்திறனுடைய மின்மோட்டர்களைத் தோட்டக் கிணறுகளில் வைத்தல். இரண்டாவது, தெருவிளக்குகளை எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றுதல். மூன்றாவது, பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள விளக்குகளையும் மின்விசிறிகளையும் மாற்றுதல். நான்காவது, சிறிய மோட்டருடன் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தல். அளவைகள் ஐந்து. மிஞ்சுஞ் சக்திக்கு 30, முதல் மீளுங் காலத்துக்கு 25, கரிவாயுக் குறைவுக்கு 20, எளிமைக்கு 15, கிணற்று நீரின் காப்புக்கு 10 என நிறைகள் இடப்படுகின்றன. நீரின் காப்பில் 5 என்பது நன்மையுந் தீமையும் இன்மையைக் குறிக்கும். அதற்குக் குறைந்தது கேடு, மிகுந்தது நலம்.

இவ்வரிசையில் மோட்டர்த் திட்டம் 9, 8, 9, 6, 1 என்னும் புள்ளிகளைப் பெறுகிறது. தெருவிளக்குத் திட்டம் 6, 7, 6, 9, 5. பாடசாலைத் திட்டம் 4, 6, 4, 8, 5. சொட்டுநீர்த் திட்டம் 7, 4, 7, 3, 10. பெருக்கிக் கூட்டின் மோட்டர் 750, தெருவிளக்கு 660, சொட்டுநீர் 595, பாடசாலை 520. மோட்டர் முதலிடம் பெறுகிறது. அதுவும் 90 புள்ளி வேறுபாட்டில். கூட்டக் குறிப்பில் ஒருமனதாக என்ற சொல்லும் இடம்பெறக்கூடும்.

இந்தப் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. கணக்குச் சரியானது. ஆயினும் ஐந்தாம் பத்தியில் நிற்கும் 1 என்னும் எண் கூறுவது என்ன? அத்திட்டத்தால் ஊரின் நன்னீர் வில்லை தேயும் என்பதே. கூட்டல் என்னும் செயல் அவ்வெண்ணை மற்ற நான்கின் பெருக்கத்தால் மூடிவிட்டது.

இங்கு முதலில் நோக்கத்தக்கது இரட்டைக் கணக்கு. மிஞ்சுஞ் சக்தியும் கரிவாயுக் குறைவும் இரு பெயர் பெற்ற ஒரு பொருளே. எரிபொருள் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதனை ஒரு மாறிலியாற் பெருக்கினாற் கரிவாயுக் கணக்குக் கிடைத்துவிடும். எரிபொருளுக்கு எரிபொருள் அம்மாறிலி வேறுபடுமாயினும் ஒன்றன் பின்னே மற்றது நிழல்போலத் தொடரும். மேலே இட்ட புள்ளிகளில் அவை இரண்டும் எல்லாத் திட்டங்களிலும் ஒன்றாகவே இருத்தலைக் காண்க. எனவே சக்திக்கு 30 என்று எழுதிய சபை உண்மையில் 50 கொடுத்திருக்கிறது. தான் கொடுத்ததைத் தானே அறியாது கொடுத்திருக்கிறது. இப்போது கரிவாயுப் பத்தியை நீக்கி, அதற்குரிய 20 நிறையையும் நீரின் காப்புக்கு மாற்றுவோமாயின், நீர் 30 ஆகும். புள்ளி ஒன்றும் மாற்றப்படவில்லை. சொட்டுநீர் 655, தெருவிளக்கு 640, மோட்டர் 590, பாடசாலை 540 என வரிசை தலைகீழாகிறது. மூன்றாவதாய் நின்றது முதலாவதாயிற்று, முதலாவது மூன்றாவதாயிற்று.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கெனப் புள்ளிகள் தரப்படுத்தப்பட்ட வரலாற்றை அறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு, விடைத்தாளில் ஓரெழுத்தும் மாறாமலே வரிசை மாறக்கூடும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது குறை நுண்ணியது. பட்டியல் வகுப்போர் பலர் கவனியாதது. நிறை என்று எழுதப்பட்ட எண் நிறையின் உண்மையான வலிமை அன்று. திட்டங்களுக்கிடையே அப்பத்தியில் உள்ள வேறுபாட்டோடு பெருக்கியபின்னரே வலிமை தோன்றும். முதற் பட்டியலில் எளிமைக்கு 15, நீருக்கு 10. ஆனால் எளிமைப் பத்தியில் புள்ளிகள் 3 முதல் 9 வரை, நீர்ப் பத்தியில் 1 முதல் 10 வரை. 15ஐ 6ஆற் பெருக்கினும் 10ஐ 9ஆற் பெருக்கினும் 90 என்றே வரும். சபை நீரினும் எளிமையைப் பெரிதென மதித்ததாக எண்ணிக்கொண்டிருக்க, கணக்கு இரண்டையும் சமமாக நடத்தியிருக்கிறது. மாறாக எல்லாத் திட்டங்களும் 7 பெறும் ஒரு பத்திக்கு 40 நிறை கொடுத்தாலும் அதனால் ஆவதொன்றில்லை. எனவே “எது முதன்மையானது?” என்று வினவி நிறையிடுதல் வெறும் பேச்சு. “இத்திட்டங்களுள் மிகக் கடையானதிலிருந்து மிகச் சிறந்ததுக்கு எந்த அளவையில் ஏறுவது பெரும்பேறு?” என்று வினவுதலே முறையான வினா.

மூன்றாவதும் தலையாயதுமான குறை ஈடுசெய்தல் பற்றியது. கூட்டல் முறையில் ஓர் அளவையிற் பட்ட கேட்டை வேறோர் அளவையின் நலத்தால் வாங்கிவிடலாம். இது முறைக்கு இடையில் வந்து புகுந்த குற்றம் அன்று, பிறப்பிலேயே உள்ளது. 1772ஆம் ஆண்டிற் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பரும் வேதியியலறிஞருமான ஜோசப் பிறீஸ்ற்லிக்கு எழுதிய கடிதமொன்றில், ஐயமுற்ற கருமங்களில் ஒரு தாளை இரண்டாக வகுத்து நன்மைகளை ஒருபுறமும் தீமைகளை மறுபுறமும் எழுதி, சமமான பாரமுடையவற்றை ஒன்றுக்கொன்று அடித்துவிட்டு எஞ்சியதைக் கொண்டு முடிவு செய்யுமாறு அறிவுரை கூறினார். புள்ளிமுறையின் மூதாதை எனக் கொள்ளத்தக்கது அது. ஆனால் பிராங்கிளின் கூறியது தனியொருவர் தம் சொந்தக் கருமத்தை முடிவு செய்யும் வழி. அடிப்பவரும் அவரே, அடிக்கப்பட்டதன் விளைவை நுகர்பவரும் அவரே. ஊர்ச்சபையின் பட்டியலில் அவ்வொருமை இல்லை. மிஞ்சும் எண்ணெய்ப் பணம் மோட்டர் பெற்ற தோட்டக்காரருக்கு. உவர்ப்பது அயல்வீட்டாரின் குடிநீர்க் கிணறு. கற்பாறையின் வெடிப்புகள் வேலியெல்லையை அறியா.

மோட்டர்த் திட்டத்துக்கு நீர்ப் பத்தியில் 1 இடுதல் மிகையன்றோ எனச் சிலர் ஐயுறலாம். வினைத்திறன் கூடினாற் சக்தி மிஞ்சும். நீர் ஏன் குறையும் என்பது அவர் வினா. பௌதிகங் கற்கும் மாணவர் எளிதிற் செய்யத்தக்க கணக்கு ஒன்று இதனை விளக்கும். 1000 லீற்றர் நீரை 6 மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டுவது சற்றேறக்குறைய 59 கிலோயூல். ஓர் அலகு மின்சாரம் 3600 கிலோயூல். ஆகவே இழப்பேதுமின்றேல் ஓரலகு மின் சுமார் 61,000 லீற்றர் நீரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவரும். மோட்டரும் குழாயுஞ் சேர்ந்த வினைத்திறன் நூற்றுக்கு 30 ஆயின் வருவது 18,000 லீற்றர். 60 ஆயின் 36,000 லீற்றருக்கு மேல். வினைத்திறன் இருமடங்காகும்போது தோட்டக்காரர் முன் இரு வழிகள் திறக்கின்றன. அதே நீரை அரைச் செலவில் எடுக்கலாம். அல்லது அதே செலவில் இருமடங்கு நீரை எடுத்துக் கூடுதல் நிலத்திற் பயிரிடலாம். பட்டியல் முதல் வழியையே எண்ணிப் புள்ளியிடுகிறது. வெங்காயத்துக்கு நல்ல விலை உள்ள ஆண்டில் மனிதர் இரண்டாம் வழியிற் செல்வர். அவரைக் குறை கூறுதற்கில்லை. பிள்ளைகளின் படிப்பும் கடனும் அவருக்கு உண்டு.

இவ்வுண்மை புதியதன்று. நிலக்கரி பற்றி 1865இல் நூலெழுதிய ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ், நீராவிப் பொறிகளின் வினைத்திறன் கூடியமை நிலக்கரிச் செலவைக் குறைக்காது பெருக்கியதை எடுத்துக் காட்டினார். தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் பம்புகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. ஊறுவதினும் மிகுதியாக நிலத்தடி நீர் எடுக்கப்படுவதாக வகுக்கப்பட்ட பகுதிகள் அங்கே பல. சூரியவொளியில் இயங்கும் பம்புகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சக்திப் பத்தியில் 10 பெறத்தக்கவை அவை. வெயில் உள்ளவரை இறைப்பதற்கு மேற்செலவு யாதுமில்லை என்பதே நீர்ப் பத்தியில் அவற்றுக்குள்ள இடர்.

சிக்கனமும் வினைத்திறனும் வேறு என்பதை இக்குடாநாட்டார் நூலிற் கற்கவில்லை. 1990ஆம் ஆண்டின்பின் மின்னிணைப்பு அற்று, மண்ணெண்ணெய் அரிதாகிய காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சிறுதிரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். ஈருருளியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தல் விளக்கு மிகச் சிக்கனமானது. ஆனால் அது தந்த வெளிச்சம் குறைவு, கண் நொந்தது. அதே வெளிச்சத்தைக் குறைந்த சக்தியில் தருவது வினைத்திறன். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். மிஞ்சுஞ் சக்தி என்னும் ஒரே பத்தி இவ்விரண்டையும் வேறுபடுத்தாது.

ஈடுசெய்தலின் குறையைத் தீர்க்க அறிஞர் சில வழிகளைக் கண்டுள்ளனர். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தார் வெளியிடும் மனித அபிவிருத்திச் சுட்டியில் 2010ஆம் ஆண்டுவரை கூட்டலிடையே பயன்பட்டது. அவ்வாண்டு முதல் பெருக்கலிடை கையாளப்படுகிறது. ஒரு கூறில் மிகத் தாழ்ந்த நாடு மற்றக் கூறுகளின் உயர்வாற் குறையை முழுதும் மூடிக்கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. பிரான்சில் 1960களிற் பெர்னார் ருவா என்பார் வகுத்த முறையோ இன்னுந் தெளிவானது: ஓர் அளவையில் அளவுகடந்து தாழ்ந்த ஒன்றை, மற்றெல்லாவற்றிலும் உயர்ந்திருப்பினும், மேலானது என்று கூற அம்முறை இடந்தராது. இவற்றுள் ஊர்ச்சபைக்கு எளிதிற் கைகூடுவது பின்னதன் கருத்தே. பட்டியலுக்கு முன்னே ஒரு வாயில் அமைத்து, நீரின் காப்பில் 4 புள்ளிக்குக் குறைந்தது உள்ளே வரலாகாது என விதித்துவிடலாம்.

வாயிலிற் சோதித்த ஒன்றைப் பட்டியலிலும் மீண்டும் பத்தியாக வைப்பது மேலே கண்டித்த இரட்டைக் கணக்கே அன்றோ எனின், அன்று. வாயில் கேட்பது கேடு பொறுக்கும் எல்லையைக் கடந்ததா என்பது. பத்தி கேட்பது அவ்வெல்லைக்கு மேல் எவ்வளவு நலம் உண்டு என்பது. தேர்விற் சித்தியடைய வேண்டிய குறைந்த புள்ளியும், சித்தியடைந்தோரை வரிசைப்படுத்தும் புள்ளியும் வேறாதல் மாணவர் நன்கறிவர்.

நீருக்கு மட்டும் இத்தனி மதிப்பு ஏன் என்ற வினாவுக்கு விடை, மீட்சியின்மை. பணம் இழந்தால் மீளத் தேடலாம். தெருவிளக்கு பழுதானால் அடுத்த ஆண்டு மாற்றலாம். உவரேறிய கிணறு நன்னீராவதற்கு எத்தனை மாரி வேண்டும் என்று எவராலும் உறுதி கூறலாகாது. கோப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சுன்னாகத்தில், மின்னிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்குமாறு பணித்தது. உவரேறலும் எண்ணெய் கலத்தலும் வேறு வேறு கேடுகளே. ஆயினும் ஒளிக்காக நடந்த முயற்சிக்குக் கிணறு விலையாக நேர்ந்ததும், அவ்விலை பின்னரே நீதிமன்றத்தில் எண்ணப்பட்டதும் இங்கு நினைவுக்கு உரியவை. நீதிமன்றம் தொகையை விதித்தது. குடிக்குந் தண்ணீரை அத்தொகை திருப்பித் தருவதில்லை.

இவ்வாறு முதற் பட்டியலைக் குறைகூறியோர் இரண்டாவதை மாசற்றதென்று கொண்டாடலாகாது. அதில் சொட்டுநீர் 655, தெருவிளக்கு 640. இடைவெளி 15. சொட்டுநீர்த் திட்டத்துக்கு எளிமையில் இடப்பட்ட 3ஐ ஒருவர் 2 என்பாராயின் அதன் தொகையும் 640 ஆகி இரண்டும் ஒக்கும். கோப்பாயின் சுண்ணாம்பு மிகுந்த நீர் சொட்டுவாய்களை அடைக்கும் இயல்பினது. அமிலமிட்டுத் துப்புரவு செய்யும் வேலையை அறிந்த தோட்டக்காரர் 2 என்று சொல்வது நேர்மையான மதிப்பீடே ஆகும். 3க்கும் 2க்கும் இடையிலுள்ள வேறுபாடு அளந்து கண்டதன்று, மதிப்பிட்டோரின் மனநிலை. ஆதலின் இவ்விரு திட்டங்களையும் முதலாவது, இரண்டாவது என அறிவித்தல் உண்மைக்கு மாறு. ஒரு தரத்தன என்று கூறிப் பணத்தையும் ஆளையும் நோக்கித் தெரிதலே தக்கது. பட்டியலின் அடியில் இறுதித் தொகையை மட்டும் எழுதாது, எந்தப் புள்ளி எவ்வளவு மாறினால் வரிசை மாறும் என்பதையும் எழுதும் வழக்கம் வருமாயின், ஐயமறக் காட்டல் என்னும் முதல் மாட்சியும் முழுமை பெறும். ஐயம் உள்ள இடத்தை ஐயமறக் காட்டுவதும் நிறைகோலின் கடனே.

நிறைகளை இடவேண்டியோர் யாவர் என்பது எஞ்சுகிறது. பொறியியலாளர் மோட்டரின் வினைத்திறனை அளப்பர். கணக்காளர் முதல் மீளுங் காலத்தைச் சொல்வர். புள்ளியிடும் வேலை அவர்க்குரியது. நிறையிடும் வேலை அவ்வாறன்று. இலங்கையிற் சக்தி வினைத்திறனை வளர்க்கும் பொறுப்பு 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு சக்தி அதிகாரசபைக்கு உரியது. சக்தியைப் பெரிதென மதிப்பது அத்தகைய சபையின் இயல்பும் கடமையும் ஆகும். கிணற்றுக்குப் பேசுவோர் வேறு. தோட்டக்காரரும், குடிநீர் அள்ளும் பெண்களும், உப்பாற்றங்கரைப் பக்கத்துக் குடியினரும் கூடிய அவையில், திட்டங்களின் பெயரை அறியுமுன்னரே நிறைகள் முடிவு செய்யப்படல் வேண்டும். பெயரறிந்தபின் இடும் நிறை தாம் விரும்பிய திட்டத்தை நோக்கிச் சாய்வது மனித இயல்பு. இதனை நேர்மைக்குறைவு என்பதிலும் மறதி என்பதே பொருத்தம்.

இனி வாயிலில் மறிக்கப்பட்ட மோட்டர்த் திட்டம் அவ்வாறே கைவிடத்தக்கதோ எனின், அன்று. அதனைத் திருத்தி மீண்டும் கொண்டுவரலாம். கிணற்றின் ஊற்றுக்கேற்ற சிறிய மோட்டர், ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மானி, மாரிக்கு முன்னும் பின்னும் நீரின் உவர்ப்பை அளக்கும் ஏற்பாடு ஆகியவற்றோடு அதனை அமைத்தால் நீர்ப் பத்தியில் 5 பெறலாம். அதற்கு விலையாகச் சக்தியில் 7, முதல் மீளுங் காலத்தில் 6, எளிமையில் 5 என்று மற்றப் புள்ளிகள் இறங்கும். இரண்டாம் பட்டியலின் நிறைகளாற் பெருக்கினால் தொகை 585. திருத்தாத திட்டத்தின் தொகை 590. கூட்டுத்தொகையை மட்டும் நோக்குவோர்க்குத் திருத்தியதே 5 புள்ளி தாழ்ந்தது; இரண்டும் ஏறக்குறைய ஒன்று எனவும் தோன்றும். ஒன்று வாயிலிலே மறிக்கப்படுவது. மற்றது தெருவிளக்குக்கு அடுத்த மூன்றாமிடத்தில் அமர்வது.